ஊர்ப்பாடு

ஆதியம்மா வாயத் தொறந்தா திருவிடந்தை வரைக்கும் கேக்கும்னு சொல்லுவாங்க. கிண்டலுக்குச் சொல்றதுதான், ஆனா பாதி நெசம். நெம்மேலியில கடல்தண்ணியக் குடிதண்ணியாக்குற ப்ளான்டுக்குத் தெக்கால, கடலு கொஞ்சம் கொஞ்சமா மண்ணத் தின்னுகினே வர்ற அந்தக் குப்பத்துல, காலையில படகு கரையேறுற நேரத்துல அவ கொரலு வந்தாத்தான் ஏலம் சூடு புடிக்கும். ஏலம்னு பேரு. உண்மையில பேரம்தான். படகுக்காரன் ஒரு வெல சொல்லுவான், பொம்பளைங்க அத்த அடிச்சி எறக்கணும். மத்தவங்க கெஞ்சி எறக்குவாங்க. ஆதியம்மா திட்டி எறக்குவா. மீனோட செவுளத் தூக்கிப் பாப்பா, கண்ணப் பாப்பா, அப்பால படகுக்காரன் மூஞ்சியப் பாப்பா.

"இத்த வலையில புடிச்சியா, இல்ல எவன் வூட்டு சட்டியிலேர்ந்து எடுத்துகினு வந்தியா?"

அதோட வெல பாதி செத்துடும். அவளுக்குப் பின்னால நிக்கிற பொம்பளைங்களுக்கும் அதே வெலதான். அவ வாயால பத்து கூடை ரொம்பும்.

அந்த வாயி மூடி ரெண்டு வருசம் ஆவுது.

சித்திரை மாசம். பெரிய லாஞ்சுங்க கடலுக்குப் போவக்கூடாத காலம். பைபர் படகுக்காரன்தான் ராஜா, அவன் சொல்றதுதான் வெல. சூரியன் கடல்லேர்ந்து எழும்பி ஒரு முழம்கூட வரல, அதுக்குள்ள வேர்வ வழியுது. இருசப்பன் படகு வந்து நின்னுது. ரெண்டு ட்ரே சங்கரா, ஒரு ட்ரே கெளங்கான், அடியில நாலு வஞ்சிரம். இருசப்பன் லுங்கிய மடிச்சிக் கட்டிகினு, சங்கரா ட்ரேவக் காலால ஆதியம்மா பக்கம் தள்ளுனாரு. வெலயச் சொன்னாரு. கேட்ட பொம்பளைங்க அத்தினி பேரும் மூச்ச இழுத்தாங்க.

ஆதியம்மாளுக்கு நாக்கு எழும்பிடிச்சி. பல்லு வரைக்கும் வந்துடிச்சி. அப்பதான் இருசப்பன் கேட்டாரு.

"தர்மராஜி எப்டி கீறான்? வயிறு வலி கிலி இல்லியே?"

"இல்ல மாமா. நல்லா கீறாரு."

"கேட்டேன்னு சொல்லு."

அவ்ளோதான். நாக்கு மடங்கிடிச்சி. முந்தானையில முடிஞ்சி வெச்ச பணத்த அவுத்துக் குடுத்துட்டு ட்ரேவத் தூக்கிகினு வந்துட்டா.

பின்னாடியே சந்திரம்மா வந்தா. அவளும் மீன் விக்கிறவதான், கூடவே செங்கல்பட்டுக்கு வண்டி ஏறுறவ.

"இன்னாடி இது அநியாயமா கீது? நீ பேசாம வாங்கினு போயிடுற. நான் வாயத் தொறந்தா, 'ஆதியே குடுத்துட்டா, உனுக்கு இன்னா'ன்றாரு உங்க மாமா. உன் வாயிக்கு நீ பூட்டு போட்டுக்கோ. என் வயித்துக்கு ஏண்டி போடுற?"

ஆதியம்மா ட்ரேவ இடுப்புக்கு மாத்திகினு வண்டியப் பாத்து நடந்தா.

*

நடந்தது இதான். ரெண்டு வருசத்துக்கு முன்னாடி ஒரு ஆவணி மாசம். அல ஜாஸ்தி. அவ புருஷன் தர்மராஜி படகக் கரையில ஏத்தறப்ப, பின்னாடி எழும்புன அல படகத் தூக்கி அடிச்சிது. படகு மூக்கு நேரா அவரு வயித்துல. ரத்தம் ஒரு சொட்டு வெளிய வரல. எல்லாம் உள்ளயே போச்சி. மகாபலிபுரத்துல பாத்த டாக்டரு, இன்னும் ஒரு மணி நேரம் தாங்காது, உடனே ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாரு. தெரிஞ்ச வண்டிக்காரன் செங்கல்பட்டுல ஒரு பெரிய ப்ரைவேட் ஆஸ்பத்திரி வாசல்ல கொண்டுபோயி நிறுத்துனான். உசுரப் பொழைக்க வெச்சிட்டாங்க. அத்த யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. ஆனா பணம் கட்டாம ஆள வெளிய வுட மாட்டோம்னுட்டாங்க. நாளு ஏற ஏற ரூமு வாடக ஏறுது. வூட்ல இருந்தது ஒரு தோடு, ஒரு பழைய இஞ்சினு. ரெண்டும் மொத வாரத்துலயே போச்சி.

அப்பதான் குப்பத்துல ஊர்ப்பாடு சொன்னாங்க. ஒரு குடும்பம் விழுந்துட்டா, ஊர்ல எல்லாப் படகும் ஒரு நாளு புடிச்ச மீனு மொத்தமும் அந்தக் குடும்பத்துக்கு. அதான் ஊர்ப்பாடு. முன்னெல்லாம் பணத்த ஒருத்தர் கையில குடுத்துடுவாங்க. ஒரு தடவ அந்தக் கை நடுவுல கொஞ்சம் சொரண்டிடிச்சி, அடிதடி ஆயிடிச்சி. அதுலேர்ந்து ஒரு கட்டுப்பாடு. படகுக்காரன் அவனவன் நேராப் போயிக் கட்டணும், அவன் பேருலயும் படகு பேருலயும் ரசீது வாங்கணும், கெங்கையம்மன் கோயில் வாசல்ல நின்னு எல்லார் முன்னாடியும் அத்தப் படிக்கணும்.

அப்டித்தான் ஏழு படகும் கட்டுச்சி. ஏழு பேரும் ஆஸ்பத்திரி கவுன்ட்டர்ல வரிசையா நின்னு, "எழுதிக்கோம்மா, படகு பேரு கெங்கைத்தாயி", "கடல்ராணி"ன்னு ஒவ்வொருத்தரா சொன்னப்ப ஆதியம்மாளுக்கு அழுக வந்துடிச்சி. பெருமையாக்கூட இருந்துது. இருசப்பனுக்குத்தான் பெரிய படகு, அன்னிக்குப் பாத்து அவருக்குத்தான் வஞ்சிரமும் ரொம்ப விழுந்திருந்துது. அவரு கட்டுனதுதான் ஜாஸ்தி. கோயில்ல அவரு ரசீதத்தான் மொதல்ல படிச்சாங்க.

மறுவாரம் ஏலத்துல அவ வாயத் தொறந்தப்ப, இருசப்பன் சிரிச்சிகினேதான் கேட்டாரு, "எம் மீனயா திட்டுற?"ன்னு. வேற ஒண்ணும் சொல்லல. அதுக்கப்பறம் அவ திட்டல. அவரு படகுல மட்டுமில்ல. ஏழு படகுலயும்.

வெல ஏறிப் போச்சின்னா வாங்குறவங்க சும்மா இருப்பாங்களா? அன்னிக்கி அந்த சங்கராவ எடுத்துகினு செங்கல்பட்டு போனா. பள்ளிவாசல் தெருவுல சுராயா வூடு. அவ வூட்டுக்காரரு பஷீருதீன் ஓட்டலு வெச்சிக்கீறாரு, வாரத்துல மூணு நாளு மீனு ஆதியம்மாகிட்டதான். சுராயா வெலயக் கேட்டுட்டு முக்காட்ட இழுத்து வாயப் பொத்திக்கினா.

"யா அல்லா! இன்னா ஆதியக்கா இது? தங்கத்துல செஞ்ச மீனா?"

"கரையிலயே அப்டித்தான் சுராயா."

"முன்னெல்லாம் கரையில நீ சண்ட போட்டுத்தான் எங்களுக்குக் கம்மியா கெடைக்கும்பே. இப்ப சண்ட போடுறதில்லியா? ஒடம்புக்கு முடியலியா?" கொஞ்சம் நிறுத்திட்டு, கண்ணப் பாக்காம சொன்னா. "கோச்சிக்காதக்கா. அவரு காசிமேட்லேர்ந்து பெட்டியில வர்ற மீன வாங்கிக்கலாம்னு சொல்லிகினு கீறாரு. நான்தான் இழுத்துப் புடிச்சிகினு கீறேன்."

ஆதியம்மா சங்கராவ அவ கேட்ட வெலைக்குக் குடுத்துட்டு எழுந்து வந்தா. கோவம் வந்துது. யாரு மேலன்னு தெரியாத கோவம். அதுதான் ஆள அரிக்கும்.

*

மவன் சுதாகரு ஆர்மியில இருந்தவன். மலையில லாரி பொரண்டு முதுகு போச்சி. "உன் முதுகு ட்யூட்டியில போவல, தானாப் போச்சி"ன்னு எழுதி பென்ஷன் இல்லாம வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. தர்மராஜி அடிபடுறதுக்கு ஆறு மாசம் முன்னாடி அது. இப்ப ஈசிஆர் ரோட்ல ஒரு ரிசார்ட்டு வாசல்ல தொப்பி போட்டுகினு நிக்கிறான். வர்ற காருக்கெல்லாம் சல்யூட்டு. கேசு போட்டு, வக்கீலு மாத்தி, தேதி மேல தேதி வாங்கி, இந்த மாசியிலதான் ஆர்டரு வந்துது. பென்ஷன் உண்டு. வெளிய வந்த நாள்லேர்ந்தே உண்டு. பென்ஷன் உண்டுன்னா மிலிட்டரி மருத்துவ கார்டும் உண்டு, அப்பா அம்மாவுக்கும் சேத்து.

மிலிட்டரி க்ளினிக்குல சியாமளான்னு ஒரு ஆபீசரம்மா. கண்ணாடிய எறக்கி வெச்சிட்டு ஆர்டர முழுக்கப் படிச்சாங்க.

"அம்மா, உங்க பையன் வெளிய வந்த தேதியிலேர்ந்தே உங்களுக்கு மருத்துவச் செலவுக்கு கவர் இருக்கு. அந்த ஆஸ்பத்திரி எங்க லிஸ்ட்ல இருக்கிற ஆஸ்பத்திரிதான். அன்னிக்கு உங்க கையில கார்டு இருந்திருந்தா, நீங்க ஒரு பைசா கட்டியிருக்க வேணாம். இப்ப அவங்க என்ன பண்ணணும்னா, எங்களுக்கு பில் போடணும், உங்ககிட்ட வாங்கினத திருப்பிக் குடுக்கணும்."

சுதாகரு, "தேங்க் யூ மேடம்"ன்னு எழுந்து வெரப்பா நின்னான். ஆதியம்மா எழுந்துக்கல.

"ஏம்மா, இது அன்னிக்கே இருந்த கார்டுன்றீங்க."

"ஆமாம்மா. ஆர்டர்படி அன்னிக்கே இருந்த மாதிரிதான்."

"மாதிரி." ஆதியம்மா அந்த வார்த்தைய வாயில வெச்சி மென்னா. "ரெண்டு வருசத்துக்கு முந்தின பசிக்கு இன்னிக்கி எல போடுறீங்களேம்மா. அன்னிக்கி எம் புருஷன வுட மாட்டேன்னு கட்டில்ல வெச்சிகினு இருந்தானுங்களே, அப்ப இந்த எல எங்க இருந்துது?"

"யம்மா, வா போலாம்"னான் சுதாகரு. சியாமளா மேடம் கோச்சிக்கல. ஆர்டர் காப்பியில சீல் போட்டு நீட்டுனாங்க.

ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. மொத தடவ, மேனேஜரு லீவு. ரெண்டாவது தடவ, பழைய பைலு குடோன்ல கீது. மூணாவது தடவ, "நீங்க அட்மிஷன் அப்ப எந்த கார்டும் இல்லன்னு கையெழுத்து போட்டிருக்கீங்களே"ன்னாங்க. இல்லாத கார்ட இருக்குன்னு எப்டிப் போடறதுன்னு கேட்டதுக்கு, அடுத்த வாரம் வாங்கன்னாங்க. நாலாவது தடவ, பில் கவுன்ட்டர்ல இருக்கிற ஜாய்ஸுன்ற பொண்ணு, பழைய ரசீதுங்கள மேசை மேல பரப்புனா.

"அம்மா, பேஷன்ட் சைடுலேர்ந்து நீங்க கட்டினது கம்மிதான். பாக்கி எல்லாம் வேற வேற பேரு. இருசப்பன், கெங்கைத்தாய். இது யாரு, கடல்ராணி? பேஷன்ட்டுக்கு என்ன வேணும்?"

"அது படகு."

"படகா?"

"படகுதான் பாப்பா. ஊர்ல படகுங்கதான் கட்டுச்சி."

ஜாய்ஸு சிரிக்கல, பாவம். உள்ள போயிட்டு வந்தா. "ரூல்படி யாரு கட்டினாங்களோ அவங்க நேர்ல வந்து கையெழுத்து போடணும்மா. ஏழு பேரும். ஒருத்தர் கொறஞ்சாலும் பைலு மிலிட்டரிக்குப் போகாது. பைலு போகலன்னா யாருக்கும் ரீபண்ட் இல்ல."

"ஓகே மேடம். தேங்க் யூ மேடம்"னான் சுதாகரு.

வாசலுக்கு வந்ததும் ஆதியம்மா அவன் சட்டையப் புடிச்சா.

"இன்னாத்துக்குடா தேங்க்ஸு? அவ இன்னா குடுத்தா உனுக்கு? முதுக ஒடச்சி அனுப்புனவனுக்கு சாரு, நைனாவ அடச்சி வெச்சவனுக்கு சாரு, இப்ப இவளுக்கு மேடமா? உன் வாயில வேற வார்த்தயே இல்லியா?"

"கத்தாதம்மா. ரோடு இது."

"ரோட்லகூடக் கத்தக்கூடாதா நானு?"

அவன் தொப்பியக் கழட்டித் தலயச் சொறிஞ்சான். "மிலிட்டரி ரேட்டு கம்மிமா. நம்மகிட்ட கறந்ததுல பாதிகூட அவங்க தர மாட்டாங்க. அதான் இழுக்கறானுங்க. நம்ம தானா ஓடிடுவோம்னு பாக்கறானுங்க."

"இத்த தெரிஞ்சிகினா தேங்க்ஸு சொன்ன?"

*

ஆறு படகுக்காரங்க மூஞ்சி சுளிக்காம வந்தாங்க. வலைக்காசு வேணும், இஞ்சினு கெட்டுப் போச்சி, எல்லாருக்கும் ஒரு தேவ. ஒரே குட்டியானை வண்டியில ஏறிப் போயிக் கையெழுத்து போட்டுட்டு, வர்ற வழியில திருப்போரூர்ல பிரியாணி துன்னுட்டு வந்தாங்க.

இருசப்பன் வரல.

அவரு வூட்டு வாசல்ல போயி நின்னா ஆதியம்மா. அவரு நாஸ்தா துன்னுகினு இருந்தாரு. கேவுரு களி, அதுல குழி பண்ணி நெத்திலி கருவாட்டுக் கொழம்பு.

"குந்து ஆதி. துன்றியா?"

"வேணாம் மாமா. ஒரே ஒரு கையெழுத்து. வண்டி வாடக நான் தர்றேன்."

"அட, அது இல்லம்மே." களியக் கொழம்புல பொரட்டிகினே சொன்னாரு. "நான் கெங்கையம்மா முன்னாடி குடுத்தவன். குடுத்தத திருப்பி வாங்குற பயக்கம் எங்க வூட்ல கெடையாது."

"மத்தவங்க வாங்கிக்கிறாங்களே."

"அவனுங்களுக்கு இல்லாம வாங்குறானுங்க. எனுக்கு இன்னா கொற? நாளைக்கி ஊரு இன்னா சொல்லும்? இருசப்பன் குடுத்தான், அப்பால கைய நீட்டி வாங்கிகினான்னு சொல்லாது?"

"உங்க கையெழுத்து இல்லன்னா மத்த ஆறு பேருக்கும் வராது மாமா."

"வராட்டி போவுது. ஊர்ப்பாடுன்னா திருப்பித் தர்ற கடனா? தருமம்மே. இருசப்பன் பண்ண தருமம். அது அப்டியே இருக்கட்டும்."

அவரு பொய் சொல்லல. அதான் ஆதியம்மாளுக்குப் பத்திகினு வந்துது. மனுஷன் நெசமாவே தருமம்னுதான் நெனச்சிகினு கீறாரு. அந்தத் தருமத்த தெனம் காலையில ஒரு கூறு ஒரு கூறா அவகிட்டேர்ந்து வசூல் பண்ணிகினு கீறாரு, அது அவருக்கே தெரியல. இல்ல, தெரியுமோ என்னவோ.

வூட்டுக்கு வந்து அடுப்புல சட்டிய வெச்சா. மத்தி மீனு, புளிக்கு பதிலா மாங்கா. கரண்டி சட்டியில மோதுற சத்தத்துலயே தர்மராஜுக்குப் புரிஞ்சி போச்சி. அவரு வேப்பமரத்து நெழல்ல கிழிஞ்ச வலைய முட்டிக்கால்ல இழுத்துப் போட்டுகினு தச்சிகினு இருந்தாரு. அந்த ஆவணிக்கு அப்பறம் அவரு கடலுக்குப் போவல. குனிஞ்சா தழும்பு இழுக்குது.

"மாட்டேன்னுட்டானா?"

"தருமமாம்."

"வுட்டுடு ஆதி. அவன் குடுத்ததாலதான் நான் இங்க குந்திகினு கீறேன்."

ஆதியம்மா கரண்டியோட திரும்புனா.

"நீ குந்திகினு கீற. நான் தெனம் அவரு முன்னாடி நின்னுகினு கீறேன், வாயில துணிய அடச்சிகினு. உன் உசுர அவரு காப்பாத்துனாரு, சரி. அதுக்கு என் உசுர எத்தினி வருசம் குடுக்கறது?"

தர்மராஜி வலையில ஊசியக் குத்தி நிறுத்திட்டாரு. "நீ திட்டாம எனக்கும் தூக்கமே வர்றதில்ல"ன்னாரு.

"சிரிக்காத. அறைஞ்சிடுவேன்."

"நான் சிரிக்கலம்மே."

*

மறுநாளு காலம்பற இருசப்பன் படகுல நல்ல மீனு. வஞ்சிரம். ஒவ்வொண்ணும் முழங்கை நீளம். கண்ணு கண்ணாடி மாதிரி மினுக்குது. கரையே அவரு படகாண்ட வந்துடிச்சி. அவரு வழக்கம்போல ஒரு ட்ரேவ ஆதியம்மா பக்கம் காலால தள்ளுனாரு. வழக்கம்போல வெலயச் சொன்னாரு. அப்பால வழக்கம்போல, "தர்மராஜி எப்டி"ன்னு ஆரம்பிச்சாரு.

"எம் புருஷன் இருக்கட்டும் மாமா," ன்னா ஆதியம்மா. குனிஞ்சி ஒரு வஞ்சிரத்தோட செவுளத் தூக்குனா. செம்பருத்திப்பூ மாதிரி செவசெவன்னு இருந்துது. அவளுக்கும் தெரியும், நிக்கிற எல்லாருக்கும் தெரியும். "இன்னா மாமா இது? போன வாரம் செத்த மீன இன்னிக்கிதான் எடுத்தாந்தியா?"

கூடைய எறக்கிகினு எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க.

"இன்னாமே சொன்ன?"

"காது கேக்கலியா? நாறுதுன்னேன். ஐஸ்ல போட்டு வெச்சி, கடல்ல ஒரு முக்கு முக்கி, புதுசுன்னு விக்கிறியா? பூன மோந்து பாத்தா வாந்தி எடுக்கும். இதுக்கு இந்த வெலயா? இந்த வெலைக்கு உன் படகயே குடுப்பியா?"

சந்திரம்மா வாயில முந்தானைய வெச்சிகினா. எவளோ ஒருத்தி பின்னாடி க்ளுக்குன்னா. அந்தச் சத்தம்தான் இருசப்பன சுட்டுது. அம்பது வருசமா கடலுக்குப் போறவரு. அழுகுன மீன வித்தாருன்னு ஒருத்தன் சொன்னதில்ல.

"ஏய்! எம் மீனயா நாறுதுன்ற? எந்தக் காசுலடி உம் புருஷன் உசுரோட கீறான்? நான் அன்னிக்கி கட்டலன்னா பொணமாத்தானே தூக்கினு வந்திருப்ப? நன்றி கெட்டவளே, எம் பணத்துல பொழச்சிட்டு எம் மீனயே..."

"உம் பணம்தானே? வாங்கிக்கோன்னு உன் வாசல்ல வந்து நின்னேனே! தருமம்னியே! கெங்கையம்மாவுக்குக் குடுத்தேன்னியே! அவளுக்குக் குடுத்தத என்கிட்ட ஏன் தெனம் கேக்கற?"

"கேப்பேண்டி! எம் பணம்! நாயா ஒழச்ச பணம்!"

"அப்ப வாங்கிக்கோயேன்!"

"வாங்கிக்கிறேண்டி! ஒரு பைசா வுடாம வாங்கிக்கிறேன்! இன்னிக்கே வாங்கிக்கிறேன்!"

சொல்லி முடிச்சதும்தான் அவருக்கே கேட்டுது, என்ன சொன்னோம்னு. சுத்திப் பாத்தாரு. ஊரே நிக்கிது. மத்த ஆறு படகுக்காரனுங்களும் நிக்கிறானுங்க, மூச்சு வுடாம.

ஆதியம்மா வஞ்சிர ட்ரேவத் தூக்கித் தலையில வெச்சா.

"வண்டி நிக்கிது. ஏறு மாமா."

*

இருசப்பன் முன்னாடி டிரைவரு பக்கத்துல, ஆதியம்மா பின்னாடி ட்ரேவோட. சுதாகரு நைட்டு ட்யூட்டி முடிச்சி, காக்கி யூனிபாரத்தோடயே ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்து நின்னான்.

ஏசி போட்ட ஹாலு. ஜாய்ஸு நிமுந்து பாத்தா.

"மேனேஜர் மீட்டிங்ல இருக்காரும்மா. ரெண்டு நாள் கழிச்சு..."

"எவன்டா மேனேஜரு!" இருசப்பன் போட்ட சத்தத்துல கண்ணாடிக் கதவு அதிர்ந்துது. கரையில அடக்கி வெச்ச கோவம் மொத்தத்துக்கும் இப்பதான் எடம் கெடச்சிது. "நான் இருசப்பன். படகு கெங்கைத்தாயி. எம் பணத்த எண்ணி வாங்கி வெச்சிகினப்ப மீட்டிங்கு இல்லியா? இப்ப மட்டும் மீட்டிங்கா?"

"சார், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க. உக்காருங்க."

"உக்கார்றேன் பாப்பா," ன்னா ஆதியம்மா. நடு ஹால்ல சம்மணம் போட்டு உக்காந்தா. ட்ரேவ எறக்கி முன்னாடி வெச்சி, ஈரச் சாக்க எடுத்தா. "நான் எத்தினி நாளு வேணா உக்காருவேன். மீனு உக்காராது."

மீன் வாட ஏசியில ஏறி, யாரயும் கேக்காம எல்லா ரூமுக்கும் போச்சி. நோயாளியோட வந்த ஒரு அம்மா கிட்ட வந்து குனிஞ்சி பாத்தாங்க.

"வஞ்சிரமா? ப்ரெஷ்ஷா?"

"இன்னிக்கி வெடிகாலம் புடிச்சதும்மா. செவுளப் பாரு, செம்பருத்தி. கண்ணப் பாரு, உன்னயே பாக்குது."

"ஏய்," ன்னாரு இருசப்பன், "காலையில இன்னா சொன்ன நீ?"

"அது அந்த எடம். இது இந்த எடம். நீ சும்மா இரு மாமா." அந்தம்மாவுக்கு ஒரு வெல சொன்னா.

"அடிப்பாவி, எம் மீன அந்த வெலைக்கா குடுக்கற?"

"அந்த வெலைக்குத்தான் போவும். உன் வெலைக்கு வித்தா நான் இங்கயே குடியிருக்கணும்."

ரெண்டு நர்சுங்க வந்து எட்டிப் பாத்தாங்க. வாட்ச்மேன் ஓடி வந்தான், சுதாகரோட யூனிபாரத்தப் பாத்துட்டுத் தயங்கி நின்னான். மூணாவது மீனு கைமாறுறப்ப மேனேஜரு மூக்குல கர்ச்சீப்ப வெச்சிகினு வந்தாரு. மீட்டிங்கு முடிஞ்சிடிச்சி போல.

இருசப்பன் கையெழுத்து போட்டாரு. போட்ட வேகத்துல பேப்பரு கிழிஞ்சி, இன்னொண்ணு எடுத்தாங்க. பைலு இன்னிக்கே மிலிட்டரிக்குப் போயிடும், பணம் அவங்கவங்க கணக்குல வந்துடும்னு மேனேஜரு சொன்னாரு. அப்பால இன்னொரு பேப்பர சுதாகர் பக்கம் நகத்துனாரு.

"இது சும்மா பார்மாலிட்டி. எங்க மேல எந்தப் புகாரும் இல்லன்னு."

சுதாகரு எடுத்தான். நின்னுகினே முழுசாப் படிச்சான். மேசை மேல கவுத்து வெச்சான்.

"இது வேணாம். பைலு வாங்கிகினேன்னு சீல் போட்ட பேப்பர் மட்டும் குடு."

குடுன்னான். சாரு இல்ல, குடுங்க இல்ல. மேனேஜரு அவன ஒரு தடவ மேலயும் கீழயும் பாத்துட்டு, சீல எடுத்தாரு. ஆதியம்மா ட்ரேவத் தூக்கிகினா. கண்ணு ஏனோ கலங்கிடிச்சி. ஐஸ் தண்ணி தெறிச்சிதுன்னு தொடச்சிகினா.

*

அன்னிக்கி ராத்திரி இருசப்பன் வூட்ல சண்டயாம், பணம் வந்தா வலைக்கா மவளுக்கு வளையலுக்கான்னு. அந்த மாசத்துல ஏழு பேருக்கும் பணம் வந்துது. ஆனா ஆதியம்மா அதுக்குக் காத்துகினு இருக்கல.

ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்த மறுநாளு காலம்பறயே அவ கரையில நின்னா. அவளுக்குப் பின்னாடி சந்திரம்மா, சந்திரம்மாவுக்குப் பின்னாடி மத்த பொம்பளைங்க, கூடைய இடுப்புல வெச்சிகினு. கடலு கலங்கலா இருந்துது. சூடு இப்பவே முதுகுல ஏறுது. தர்மராஜி எப்பவும் இல்லாம வலைய வுட்டுட்டு மெதுவா நடந்து வந்து, தூரத்துல ஒரு படகு நெழல்ல குந்திகினாரு.

இருசப்பன் ட்ரேவ எறக்குனாரு. காலால தள்ளல. அங்கயே வெச்சாரு. மூஞ்சியக் கடல் பக்கம் திருப்பிகினு வெலயச் சொன்னாரு. நேத்தய விட ஜாஸ்தி.

ஆதியம்மா மீனப் பாக்கக்கூட இல்ல. அவ மனசுல வேற கணக்கு ஓடுது. பென்ஷனுக்கு முன்தேதி உண்டு. கார்டுக்கு முன்தேதி உண்டு. ஆஸ்பத்திரி பில்லுக்கு முன்தேதி உண்டு. ரெண்டு வருசமா வாயக் கட்டிகினு தூக்குன ட்ரேவுக்கு, சுராயா வூட்டு வாசல்ல கூசி நின்னதுக்கு, சந்திரம்மா வயித்துல அடிச்சதுக்கு எந்த ஆபீசுல முன்தேதி போட்டுக் குடுப்பான்?

"இத்த வலையில புடிச்சியா மாமா," ன்னு ஆரம்பிச்சா, "இல்ல எவன் வூட்டு சட்டியிலேர்ந்து எடுத்துகினு வந்தியா?"

"வந்துட்டா பாரு," ன்னாரு இருசப்பன், கடலப் பாத்தே. "பணம் இன்னும் கைக்கு வரலமே. அதுக்குள்ள வாயா?"

"வாயி இன்னிக்கித் தொறந்தது இல்ல மாமா. ரெண்டு வருசம் முன்னாடியே தொறந்த மாதிரி. ஆர்டரு போட்டாச்சி." கூடைய மணல்ல டொப்புன்னு வெச்சா. "ரெண்டு வருசத்துக்கும் சேத்துத்தான் எறக்கப் போறேன். நீ சொன்னதுல பாதி. அந்தப் பாதியிலயும் பாதி. சந்திரம்மா, நீ எத்தினி கூடைடி?"